பங்கு ப்ராக்ஸி: விலையைப் பார்ப்பதா, விளைச்சலைப் பார்ப்பதா?

டிஸ்கி: கொஞ்சம் நெட்வொர்க், கொஞ்சம் காஸ்ட் அக்கவுண்டிங். இரண்டுமே அலர்ஜி என்பவர்கள் "யார் வீட்டுக் கதவு?" என்ற பகுதிக்கு நேராகப் போய்விடலாம் :-)

காலேஜில் ப்ராக்ஸி என்றால் என்ன என்று யாருக்கும் பாடம் எடுக்க வேண்டாம். வராதவனுக்காக வந்தவன் "பிரசண்ட் சார்" சொல்வது. இணையத்திலும் கிட்டத்தட்ட அதே வேலைதான். உங்கள் கணினி போய்க் கேட்க வேண்டிய பக்கத்தை நடுவில் இருக்கும் இன்னொரு கணினி கேட்டு வாங்கிக் கொடுக்கும். அந்த வெப்சைட்டின் பதிவேட்டில் விழுவது உங்கள் ஐ.பி. முகவரி இல்லை, நடுவில் நின்றவருடையது.

ஒருவன் ஒருவனுக்கு மட்டும் குரல் கொடுத்தால் பெரும்பாலும் தப்பித்துவிடுவான். அவனே எட்டு பேருக்குக் கொடுத்தால்? நாலாவது "பிரசண்ட்"டில் வாத்தியார் தலையைத் தூக்குவார். பிறகு அந்தக் குரல் நிஜமாகவே தன் பெயருக்குப் பதில் சொன்னாலும் நம்பமாட்டார். பங்கு ப்ராக்ஸி, அதாவது ஷேர்டு ப்ராக்ஸி என்று விற்கப்படுவதன் நல்லது கெட்டது மொத்தமும் இதற்குள் அடக்கம். ஒரே முகவரியைப் பல வாடிக்கையாளர்கள் பிரித்துக்கொள்வதால் விலை குறைவு. யாரோ ஒருவர் செய்த சேட்டைக்கு எல்லோரும் சேர்ந்து வெளியே நிற்க வேண்டும்.

முகவரிக்கு ஏன் வாடகை?

ஐ.பி.வி4 முறையில் மொத்த முகவரிகள் சுமார் 429 கோடி. உலகப் பொதுக் கையிருப்பு 2011 பிப்ரவரியிலேயே தீர்ந்துவிட்டது. அதன் பிறகு இது நிலம் மாதிரி. புதிதாக முளைக்காது, இருப்பவரிடம் வாங்க வேண்டும், இல்லை வாடகைக்கு எடுக்க வேண்டும். ப்ராக்ஸி கம்பெனிகள் செய்வது இந்த வாடகைத் தொழில்தான். காமர்ஸ் பிள்ளைகளுக்கு இது புரிவதில் கஷ்டமே இல்லை.

காமர்ஸ் பிள்ளைகளுக்கு இது எதற்கு?

நல்ல கேள்வி. விடை அர்ஜென்டினாவில் இருக்கிறது. 2007 முதல் அந்த நாட்டு அரசு வெளியிட்ட பணவீக்கக் கணக்கை மக்கள் நம்பவில்லை. ஆல்பர்ட்டோ காவல்லோ என்ற பொருளாதார ஆய்வாளர் சூப்பர் மார்க்கெட்டுகளின் வெப்சைட்டில் இருந்த விலைகளைத் தினமும் நிரல் வைத்துச் சேகரித்தார். 2007 அக்டோபர் முதல் 2011 மார்ச் வரை அரசுக் கணக்கில் ஆண்டுக்குச் சராசரி 8 சதவீதம் சொச்சம். வெப்சைட் விலைகளில் 20 சதவீதம்! 2013-ல் சர்வதேச நாணய நிதியமே அர்ஜென்டினாவின் புள்ளிவிவரங்களுக்காக அதைக் கண்டித்தது. காவல்லோவும் ராபர்ட்டோ ரிகோபோனும் 2008-ல் எம்.ஐ.டி.யில் தொடங்கிய பில்லியன் ப்ரைசஸ் ப்ராஜெக்ட் இந்த முறையைப் பல நாடுகளுக்குக் கொண்டு போனது.

ஆக, கடைக்குக் கடை நடந்து எழுதிய விலைப்பட்டியலை இன்று ஒரு மடிக்கணினி எழுதும். இறுதியாண்டு பி.காம் ப்ராஜெக்டில் "ஆன்லைன் மளிகை விலை ஏற்ற இறக்கம்" என்று தலைப்பு எடுப்பவர்களும் இந்த வழிக்குத்தான் வருகிறார்கள். வந்ததும் முதலில் தேடுவது மலிவான ப்ராக்ஸி.

கொஞ்சம் பொறுங்கள்.

முதலில், தேவையா?

ஐந்து பேர் கொண்ட ஒரு ப்ராஜெக்ட் குழு 300 பொருட்களின் விலையை 90 நாள் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 27,000 பக்கம். கேட்க மலைப்பாக இருக்கும். ஆனால் ஒரு நாளைக்கு 300 பக்கம்தான். பக்கத்துக்குப் பக்கம் 10 விநாடி இடைவெளி விட்டால் 3,000 விநாடி, அதாவது 50 நிமிடம். சொந்த இணைப்பிலேயே, யாருக்கும் தொல்லை இல்லாமல் முடிந்துவிடும். இதற்கு ப்ராக்ஸி வாங்குவது தெருமுனைக் கடைக்கு டாக்ஸி பிடிப்பது மாதிரி.

"ஊருக்கு ஊர் விலை வேறயே?" என்று ஒருவர் கேட்பார். மளிகை டெலிவரி தளங்கள் பெரும்பாலும் பார்ப்பது நீங்கள் கொடுக்கும் பின்கோடைத்தான், ஐ.பி.யை இல்லை. பின்கோடை மாற்றினாலே பாதி வேலை முடிந்தது. அதோடு மத்திய நுகர்வோர் விவகாரத் துறை அத்தியாவசியப் பொருட்களின் தினசரி விலையை வெளியிடுகிறது. 2024 ஆகஸ்டில் அந்தப் பட்டியல் 22 பொருளிலிருந்து 38 ஆனது. தலைப்புக்கு அதுவே போதுமா என்று பார்த்துவிட்டு மேலே போவது நல்லது.

அப்படியானால் ப்ராக்ஸி எப்போது நியாயமாகத் தேவைப்படும்? ஒரே தளம் நாட்டுக்கு நாடு என்ன விலை காட்டுகிறது என்று ஒப்பிடும்போது. பக்கங்களின் எண்ணிக்கை தினசரி ஆயிரக்கணக்கில் போகும்போது. இன்னொன்றும் உண்டு. ஹாஸ்டலில் நூற்றுக்கணக்கான பேர் ஒரே வெளி ஐ.பி.க்குப் பின்னால் இருப்பார்கள். ஒருவனுடைய நிரல் அவசரப்பட்டு விநாடிக்கு இருபது பக்கம் கேட்டால், அந்தத் தளம் அந்த முகவரியையே தடுக்கும். ராத்திரி பத்து மணிக்குப் பிஸ்கட் ஆர்டர் பண்ணப் போன பக்கத்து ரூம்காரனுக்கு என்ன நடந்தது என்றே புரியாது. காசு கொடுக்காமலே அவனும் ஒரு பங்கு ப்ராக்ஸி பயனர்தான், பாவம் :-)

என்னென்ன வகை?

டேட்டாசென்டர் ப்ராக்ஸி: சர்வர் மையங்களில் இருக்கும் முகவரிகள். வேகம் அதிகம், விலை குறைவு. பெரும்பாலும் முகவரிக்கு இவ்வளவு என்று மாத வாடகை. ஆனால் "இது வீடு இல்லை, சர்வர்" என்பது வெப்சைட்டுக்கு எளிதில் தெரிந்துவிடும்.

ரெசிடென்ஷியல் ப்ராக்ஸி: நிஜ வீடுகளின் இணைப்பு வழியாகப் போவது. பெரும்பாலும் ஜி.பி. கணக்கில் விலை. தடுக்கப்படுவது குறைவு.

மொபைல் ப்ராக்ஸி: செல்போன் நெட்வொர்க் முகவரிகள். ஒரே முகவரிக்குப் பின்னால் நிறைய நிஜ வாடிக்கையாளர்கள் இருப்பதால் தளங்கள் தடுக்கவே யோசிக்கும். அதனாலேயே விலை கூடுதல்.

இதில் எதுவும் பங்காகவும் கிடைக்கும், சில தனியாகவும் கிடைக்கும். "பங்கு" என்று வாங்கும்போது கேட்க வேண்டியது: ஒரு முகவரிக்கு எத்தனை பேர்? இதற்கு எண்ணாகப் பதில் சொல்லாத கடையில் எண்ணிப் பணம் கொடுக்கக் கூடாது.

ப்ராசஸ் காஸ்டிங் சார் சொன்னது

இப்போது காமர்ஸ் மூளைக்கு வேலை. கீழே உள்ளவை கணக்குக்காக வைத்துக்கொண்ட எண்கள். எந்தக் கடையின் விலைப்பட்டியலும் இல்லை.

சேவை அ: மாதம் 400 ரூபாய். 9,000 முறை கேட்டால் 40 சதவீதம்தான் உருப்படியாக வருகிறது, அதாவது 3,600 பக்கம். ஒரு நல்ல பக்கத்துக்கு 11.1 பைசா.

சேவை ஆ: மாதம் 900 ரூபாய். அதே 9,000 முறையில் 95 சதவீதம், அதாவது 8,550 பக்கம். ஒரு நல்ல பக்கத்துக்கு 10.5 பைசா.

விலைப்பட்டியலில் இரண்டு மடங்குக்கு மேல் காஸ்ட்லியாகத் தெரிந்தது உண்மையில் மலிவு! போட்ட மூலப்பொருளுக்கு எவ்வளவு செலவு என்பதைவிட, வெளியே வந்த நல்ல சரக்கு ஒன்றுக்கு எவ்வளவு என்று பார்க்கத்தானே ப்ராசஸ் காஸ்டிங். வழக்கமாக நூற்றுக்கு ஐந்து போவது இயல்பு இழப்பு. திடீரென்று நூற்றுக்கு அறுபது போனால் அது அசாதாரண இழப்பு, காரணம் தேட வேண்டியது. ஜி.பி. கணக்கில் வாங்கினால் இன்னும் கவனம். தோற்ற பக்கத்துக்கும் டேட்டா ஓடும். பக்கம் ஒன்றுக்கு அரை எம்.பி. என்றால் 27,000 பக்கத்துக்கு 13.5 ஜி.பி. படங்களை இறக்காமல் தேவையான பகுதியை மட்டும் எடுத்தால் இது பத்தில் ஒன்றாகக்கூடச் சுருங்கலாம்.

நல்ல சரக்கு மாதிரி வரும் கெட்ட சரக்கு

தோல்விகளில் நேர்மையானவை சில உண்டு. 403 என்றால் "அனுமதி இல்லை". 429 என்றால் "ரொம்ப வேகமாகக் கேட்கிறாய்". இவை முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுகின்றன. ஆபத்தானது 200, அதாவது "எல்லாம் சரி" என்ற எண்ணோடு வந்து, உள்ளே "நீங்கள் மனிதர்தானா?" என்று படம் காட்டும் பக்கம். எண்ணை மட்டும் பார்க்கும் நிரல் இதை வெற்றி என்று எழுதிக்கொள்ளும்.

இன்னும் மோசமானது, தோல்வி எப்போது வருகிறது என்பது. தீபாவளி விற்பனை நாளில்தான் தளங்களில் கூட்டம், காவலும் அன்றைக்குத்தான் கூடுதல். விலை அதிகம் மாறுவதும் அதே நாளில். ஆக, மலிவான ப்ராக்ஸி எந்த நாளில் காலை வாருகிறதோ அந்த நாள்தான் ப்ராஜெக்டுக்கு உயிர்நாடி. 90 நாளில் 80 நாள் டேட்டா இருக்கிறது என்று சந்தோஷப்பட்டு, விடுபட்ட பத்தும் தள்ளுபடி நாட்கள் என்றால், கடைசியில் வரும் சராசரி பொய். அதில் கையெழுத்துப் போடும் ஐந்து பேரும் பொய் சொல்லவில்லை, ஆனாலும் பொய்.

இதற்கு மருந்து எளிது. தினமும் பத்துப் பொருளின் விலையைக் கையால் பார்த்து எழுதி, நிரல் கொண்டுவந்ததோடு ஒப்பிட வேண்டும். பக்கத்தில் பொருளின் பெயர் இருக்கிறதா, விலை நேற்றைய விலையிலிருந்து நம்பமுடியாத தூரம் போயிருக்கிறதா என்று நிரலே சோதிக்க வேண்டும். விடுபட்ட நாட்களை அறிக்கையில் மறைக்காமல் எழுத வேண்டும்.

யார் வீட்டுக் கதவு?

இனி கொஞ்சம் சீரியஸ். ரெசிடென்ஷியல் என்றால் யாரோ ஒருவரின் வீட்டு இணைப்பு. அந்த யாரோவுக்கு அது தெரியுமா?

2015-ல் ஹோலா என்ற இலவச வி.பி.என். விஷயம் வெளியே வந்தது. இலவசமாகப் பயன்படுத்தியவர்களின் இணைப்பை அதே கம்பெனி லுமினாட்டி என்ற பெயரில் காசுக்கு விற்றுக்கொண்டிருந்தது. நிறைய பயனர்களுக்கு அது தெரியவே தெரியாது. (லுமினாட்டி 2021-ல் ப்ரைட் டேட்டா என்று பெயர் மாற்றிக்கொண்டது.) அதைவிடப் பெரியது 911 எஸ்5. இலவச வி.பி.என். மென்பொருட்களுக்குள் ஒளிந்து போய், 1.9 கோடிக்கும் மேற்பட்ட ஐ.பி. முகவரிகளைக் கைப்பற்றி ப்ராக்ஸியாக வாடகைக்கு விட்டது. வாடகைக்கு எடுத்தவர்கள் செய்த மோசடிகள் எல்லாம் ஏதுமறியாத வீட்டுக்காரர்களின் முகவரியில் பதிவாயின. 2024 மே மாதம் அமெரிக்க நீதித்துறை அதை முடக்கியதையும் அதை நடத்தியவரைக் கைது செய்ததையும் அறிவித்தது.

இதை வாங்குபவர் பக்கம் நின்று மட்டும் பார்க்கக் கூடாது. "சும்மா கிடக்கிற நெட்டை வித்துக் காசு பாருங்க" என்று வரும் ஆப்களை வகுப்பில் யாராவது ஒருவர் போட்டிருப்பார். மாதம் ஒரு சினிமா டிக்கெட் காசு வருமோ என்னவோ. பதிலுக்கு, முகம் தெரியாத ஒருவர் அவர் வீட்டு முகவரியில் என்ன வேண்டுமானாலும் கேட்கலாம். விசாரிக்க வருபவர்கள் தட்டப்போவது அப்பா பெயரில் இணைப்பு இருக்கும் அந்தக் கதவைத்தான்.

அதனால் ரெசிடென்ஷியல் சேவை வாங்குவதற்கு முன் ஒரே கேள்வி: இந்த முகவரிகள் எப்படிக் கிடைத்தன, வீட்டுக்காரர் சம்மதித்தாரா, அவருக்குப் பணம் போகிறதா? பதில் மழுப்பலாக இருந்தால் வேண்டாம். டேட்டாசென்டர் முகவரியில் இந்தப் பாவம் இல்லை. மெதுவாகப் போனால் அதுவே பெரும்பாலும் போதும்.

சட்டம் என்ன சொல்கிறது?

உலகம் முழுக்க ஒரே விடை இல்லை. அமெரிக்காவில் ஹைக்யூ, லிங்க்ட்இன் வழக்கில் 2022 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம், பொதுவில் கிடைக்கும் பக்கங்களை எடுப்பது கணினி ஊடுருவல் சட்டத்தை மீறுவதாகத் தெரியவில்லை என்ற பக்கம் நின்றது. அதே வழக்கில் அதே ஆண்டு நவம்பரில், பயனர் ஒப்பந்தத்தை ஹைக்யூ மீறியது என்று கீழ் நீதிமன்றம் சொன்னது. இந்தியாவில் 2000-ம் ஆண்டு தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ம் பிரிவு, உரிமையாளர் அனுமதியில்லாமல் கணினியிலிருந்து தரவு எடுப்பதற்கு இழப்பீடு கேட்க வழி வைத்திருக்கிறது. ஆகவே தளத்தின் விதிமுறையைப் படிப்பதும், ரோபாட்ஸ் கோப்பு எதைத் தொடாதே என்கிறது என்று பார்ப்பதும், முடிந்தால் ஒரு மெயில் போட்டு அனுமதி கேட்பதும் ப்ராக்ஸி வாங்குவதற்கு முந்தைய வேலைகள். லாக்இன் செய்தால்தான் தெரியும் பக்கம், தனிமனிதர்களின் விவரம், இரண்டையும் தொடவே வேண்டாம்.

இத்தனைக்குப் பிறகும் வாங்கத்தான் வேண்டும் என்றால்:

1. ஒரு மாதத்துக்கு மேல் முன்பணம் கட்டாதீர்கள். சோதனைக் காலம் இருக்கும் கடைக்கே போங்கள்.
2. உங்களுக்கு வேண்டிய தளத்திலேயே 200 பக்கம் எடுத்துப் பாருங்கள், காலையிலும் மாலையிலும். கடைக்காரர் காட்டும் வேகக் கணக்கு உதவாது.
3. கொடுத்த முகவரிகள் ஒரே தொகுதியைச் சேர்ந்தவையா என்று பாருங்கள். முதல் மூன்று எண்களும் ஒன்றாக இருந்தால் ஒன்று மாட்டும்போது பக்கத்தில் உள்ளதும் சேர்ந்து மாட்ட வாய்ப்பு அதிகம்.
4. பயனர் பெயர், கடவுச்சொல் முறை இருக்கிறதா என்று கேளுங்கள். "உங்கள் ஐ.பி.யைப் பதிவு செய்யுங்கள்" என்பது மட்டும் இருந்தால், தினமும் ஐ.பி. மாறும் ஹாஸ்டல் இணைப்பில் தலைவலி.
5. எச்.டி.டி.பி.எஸ். இல்லாத பக்கத்தில் போவதெல்லாம் ப்ராக்ஸிக்காரருக்குத் தெரியும். சான்றிதழ் சோதனையை நிரலில் அணைத்து வைக்காதீர்கள். பேங்க், மெயில் எதையும் அந்த வழியில் திறக்காதீர்கள். யார் நடத்துகிறார்கள் என்றே தெரியாத இலவசப் பட்டியல்கள் பக்கம் தலை வைக்காதீர்கள்.
6. 429 வந்தால் முகவரி மாற்றுவதற்கு முன் வேகத்தைக் குறையுங்கள். அது கெஞ்சல் மாதிரிதான், கேட்டுக்கொண்டால் இருவருக்கும் நல்லது.

ஆறாவதைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். பொதுக் குழாயில் தண்ணீர் பிடிக்கிற எல்லோருக்கும் தெரிந்த நியாயம் அது. ஒருவர் மூன்று குடம் கூடுதலாகப் பிடித்தால் கடைசியில் நிற்பவருக்குக் காற்றுதான் வரும். பங்கு முகவரியில் அந்தக் கடைசி ஆள், இன்னொரு ஊரில் இன்னொரு ப்ராஜெக்ட் செய்துகொண்டிருக்கும் இன்னொரு மாணவியாக இருக்கலாம்.

பி.கு: மொத்தச் செலவையும் கூட்டி எழுதிப் பார்க்கும்போது "ப்ராக்ஸி: 0 ரூபாய், இடைவெளி: 10 விநாடி" என்று வந்தால் வெட்கப்பட வேண்டாம். வைவாவில் தைரியமாகச் சொல்லக்கூடிய வரி அதுதான்.