லேப்டாப் தூங்கி எழுந்ததும் திரை கறுப்பா? பவர் பட்டனைத் தொடாதீங்க!

சின்ன காஞ்சிபுரத்தில் இருக்கும் என் சித்தப்பாவுக்குப் பட்டுப்புடவை டிசைன் போடுவதுதான் தொழில். ஒரு காலத்தில் கட்டம் போட்ட தாளில் ஒவ்வொரு கட்டமாக வண்ணம் தீட்டுவார். அதைப் பார்த்து அட்டையில் துளை போட்டு ஜக்கார்டில் மாட்டினால், தறியில் மயிலும் அன்னமும் இறங்கும். இப்போது அந்தக் கட்டங்கள் எல்லாம் லேப்டாப்புக்குள் வந்துவிட்டன.

போன மாதம் ஒரு முகூர்த்தப் புடவைக்கு முந்தி டிசைன். காலையிலிருந்து உட்கார்ந்து போட்டவர், மூடியை இறக்கிவிட்டுச் சாப்பிடப் போனார். வந்து திறந்தால் திரை கறுப்பு. உள்ளே ஃபேன் ஓடுகிறது, படம் மட்டும் இல்லை.

“இன்னும் சேவ் பண்ணலையேம்மா...” என்றவரின் விரல் பவர் பட்டனுக்குப் போனது. “இருங்க சித்தப்பா!” என்று தடுத்தேன்.

காரணம் இதுதான். ஸ்லீப்பில் இருக்கும் லேப்டாப் முழுசாக அணைவதில்லை. சேவ் செய்யாத வேலை எல்லாம் ‘ரேம்’ என்கிற நினைவகத்தில், கொஞ்சம் மின்சாரத்தைப் பிடித்துக்கொண்டு உயிரோடு இருக்கும். பவர் பட்டனை அழுத்திப் பிடித்தால் அந்த மின்சாரமும் போய்விடும். பாவில் ஓர் இழை அறுந்தால் பாவையே வெட்டிப் போடுவோமா? அறுந்த இடத்தைத் தேடித்தானே முடிச்சுப் போடுவோம்!

முதலில் கேப்ஸ் லாக்கை அழுத்தினேன். அதன் விளக்கு எரிந்து அணைந்தது. அப்படியென்றால் லேப்டாப் விழித்துவிட்டது, திரைதான் விழிக்கவில்லை. பிரைட்னஸைக் கூட்டிப் பார்த்தோம், பலனில்லை. அடுத்து விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட் மூன்றையும் பிடித்துக்கொண்டு, ஆங்கிலத்தின் இரண்டாவது எழுத்தான ‘பி’யைத் தட்டினேன். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் இது கிராஃபிக்ஸ் டிரைவரை மட்டும் புதிதாகத் தொடங்கும். திறந்திருக்கும் வேலையை மூடாது. ஒரு ‘பீப்’ சத்தம். இரண்டு விநாடியில் மயில் திரும்பி வந்தது. சித்தப்பா மூச்சு விட்டார்.

இதற்கும் மசியவில்லை என்றால், செல்போன் டார்ச்சைத் திரையில் சாய்வாக அடித்துப் பாருங்கள். படம் மங்கலாகத் தெரிந்தால் பழுது திரையின் பின்விளக்கில். ஹெச்டிஎம்ஐ கேபிளில் டிவியோடு இணைத்து வேலையைச் சேவ் செய்துகொண்டு, பிறகு கடைக்குக் கொண்டுபோகலாம்.

காந்தப் பூட்டு வைத்த செல்போன் உறை கீபோர்டு பக்கம் கிடக்கிறதா என்றும் பாருங்கள். பல லேப்டாப்புகள் மூடி மூடியிருப்பதைக் காந்தத்தை வைத்துத்தான் உணர்கின்றன. அந்த உறையே திரையை அணைத்துவிடும்.

எதுவும் நடக்காவிட்டால் மட்டுமே பவர் பட்டனைப் பத்துப் பதினைந்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். அப்போது சேவ் செய்யாதது போனது போனதுதான்.

இந்தத் தொல்லை அடிக்கடி வந்தால், லேப்டாப் கம்பெனியின் தளத்திலிருந்து கிராஃபிக்ஸ் டிரைவரை அப்டேட் செய்யுங்கள். நீண்ட நேரம் எழுந்து போகும்போது ஸ்லீப்புக்குப் பதில் ஹைபர்னேட் கொடுங்கள். ரேமில் இருப்பதை அது டிஸ்க்கில் எழுதி வைத்துவிடும். பேட்டரி தீர்ந்தாலும் பயமில்லை.

சித்தி சொன்ன யோசனை இவை எல்லாவற்றையும்விட எளிது: “அடுப்பை அணைக்காம வாசலுக்குப் போவோமா? அதே மாதிரி, சேவ் பண்ணிட்டு எழுந்திருங்க!”