அம்மாவின் பாய்

பிரெஞ்சுப் பட்டாளத்தில் ஓய்வு பெற்ற என் தம்பி, ஓவெர்ஞ் மலைப்பக்கம் ஒரு வீடு கட்டினான். மரச் சட்டங்களை முக்கோணம் முக்கோணமாக இணைத்து எழுப்பிய அரைக்கோள வீடு. போட்டோவைப் பார்த்த அம்மா, "சட்டியைக் கவுத்து வச்ச மாதிரி இருக்குதேடா" என்றார்.

அம்மா வாழ்நாள் முழுக்கத் தரையில் பாய் போட்டுப் படுத்தவர். தம்பி முன்பிருந்த அடுக்குமாடி வீட்டுக்கு ஒரு குளிர்காலத்தில் போனபோது தரை பனிக்கட்டி. கட்டிலில் தூக்கம் பிடிக்காமல் உட்கார்ந்தே விடிய வைத்தார். பத்தே நாளில் புதுச்சேரிக்குத் திரும்பிவிட்டோம். "இனி அவன் வீட்டுக்குக் கூப்பிடாதே" என்று என்னிடம் சொன்னதை நான் தம்பியிடம் சொல்லவில்லை. ஆனால் அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

2006 குளிர்காலத்தில் ஆபீசுக்கு லீவு போட்டு, அம்மாவைக் கெஞ்சி அழைத்துப் போனேன்.

அந்த வீட்டுக்குச் சுவர் வேறு, கூரை வேறு கிடையாது. அரைக்கோளத்தின் மேற்பரப்பு தரையைப் போல இரண்டு பங்கு. அத்தனையையும் மழைக்கு மூட வேண்டும். தார்ப் பட்டைகளைக் கீழிருந்து மேலாக மீன் செதில் மாதிரி அடித்திருந்தார்கள். பக்கவாட்டில் தண்ணீர் வழிந்துவிடும். உச்சியில் சரிவு இல்லையே! அங்கே வெளிச்சத்துக்கு வைத்த கண்ணாடியின் ஓரத்தில் கசிந்து, மூன்றாம் நாள் சாப்பாட்டு மேசையில் சொட்டியது. "நம்ம வீட்டு மெட்ராஸ் டெரஸ் ஒழுகலையா அண்ணே?" என்று சிரித்துக்கொண்டே தம்பி பாத்திரம் வைத்தான்.

தரைதான் விசேஷம். 'பிளான்ஷே ஷோஃபான்' என்பார்கள். அடியில் குளிரைத் தடுக்கும் பலகை, அதன்மேல் வளைத்து வளைத்து ஓடும் பிளாஸ்டிக் குழாய், அதற்குமேல் சிமெண்ட். குழாயில் சுமார் 35 டிகிரி வெந்நீர். தரை 28 டிகிரியைத் தாண்டக் கூடாதென்று அங்கே சட்டமே உண்டு. அந்தக் காலத்தில் அதிகமாகச் சூடேற்றிக் கால் கனத்துப்போனதாம். கணப்பு வைத்தால் வெப்பக் காற்றெல்லாம் உச்சிக்கு ஏறிவிடும், இப்படிச் செய்தால் ஆள் இருக்கும் இடத்தில் சூடு நிற்கும் என்றான்.

அம்மா உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். "வெயில் போன திண்ணை மாதிரி இருக்கு" என்றவர், பெட்டியிலிருந்து பாயை எடுத்தார். எதற்கும் இருக்கட்டும் என்று கொண்டுவந்திருக்கிறார், எனக்கே தெரியாது. அன்று ராத்திரி குறட்டை.

கிளம்பும்போது பாயை அங்கேயே விட்டுவிட்டார். மறுபடி போக அவருக்கு வாய்க்கவில்லை. விரித்தே வைத்தால் சூடு மேலே வராது என்று தம்பி அதைச் சுருட்டி வைத்திருக்கிறான். வட்ட வீட்டில் மூலை ஏது? படிக்கட்டுக்கு அடியில் நிற்கிறது.