வல்லவனும் வடிகட்டின ராஜா ரசிகரும்

இன்னிக்கு பாட்டு பத்தி ஒரு பதிவு. கொஞ்சம் கொசுவத்தி சுத்துவேன், பொறுத்துக்குங்க.

போன வாரம் நண்பர் ஒருத்தர் சோல் டூ சோல்னு ஒரு லண்டன் குழுவோட முதல் ஆல்பத்தைக் கொடுத்தார். ‘கிளப் கிளாசிக்ஸ் வால்யூம் ஒன்’, 1989ல வந்தது. தலைவர் ஜாஸி பி. அவரோட அப்பா அம்மா கரீபியன் பக்கம் ஆன்டிகுவா தீவுலருந்து லண்டனுக்கு வந்தவங்க. பெரிய பெரிய ஸ்பீக்கர் பெட்டியைத் தூக்கிட்டுப் போய் பாட்டு போட்டுக்கிட்டிருந்த கோஷ்டி, முதல் ஆல்பத்துலயே பிரிட்டன்ல நம்பர் ஒன். ‘பேக் டு லைஃப்’ பாட்டு மட்டும் நாலு வாரம் முதலிடத்துல இருந்துச்சு. அந்த அடிநாத பேஸ் சத்தம் இருக்கே... அடடா.

கேக்கக் கேக்க எனக்கு ஞாபகம் வந்தது மலேசியாவோட யோகி பி & நட்சத்ராதான். யோகி பி, டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் மூணு பேரும் சேர்ந்து 2006ல போட்ட ‘வல்லவன்’. 90கள்ல பொயட்டிக் அம்மோங்கற குழுவுல பெரும்பாலும் இங்கிலீஷ்ல ராப் பண்ணின மனுஷன், முழுசா தமிழுக்கு வந்து அடிச்ச சிக்சர். அதுல ‘மடை திறந்து’ ரீமிக்ஸ் கேக்காத காலேஜ் ஹாஸ்டலே கிடையாதுன்னு சீனியர் அண்ணன்மார் சொல்லுவாங்க. எனக்கு அப்ப பத்து வயசுகூட ஆகலை.

எங்க வீட்டுக்கு அந்த சிடி வந்தது 2007ல, அத்தை கல்யாணத்துக்கு. எங்க ஐயாவோட தம்பி காரைக்குடி பக்கத்துலருந்து செட்டியார் கடைக்குச் சமையல் வேலைக்குன்னு மலாயாவுக்குக் கப்பல் ஏறினவர், அங்கேயே தங்கிட்டார். பினாங்குல தைப்பூசத்துக்கு வெள்ளி ரதம் இழுக்கறாங்களே, அது நகரத்தார் ஏற்பாடு. அவங்க பின்னாடி போன எங்களை மாதிரி குடும்பங்களுக்கு ரதமும் இல்லை, பங்களாவும் இல்லை. வருஷத்துக்கு ஒரு கடிதாசி, கல்யாணம் காட்சின்னா ஒரு டின் மைலோ, அவ்வளவுதான் உறவு.

அந்தத் தாத்தாவோட பேரன், எனக்கு அண்ணன் முறை, கிள்ளான்லருந்து வந்திருந்தாரு. பேசி முடிக்கும்போது ஒரு ‘லா’ போடுவாரு. காரைக் ‘காடி’ம்பாரு. கல்யாண வீட்டுப் பெருசுங்க அவரைப் பேசவிட்டுச் சிரிச்சதுங்க. ஆனா காலைல "பசியாறிட்டீங்களா?"ன்னு அவர் கேட்டப்ப அப்பத்தா அப்படியே நின்னுட்டாங்க. டிபனுக்கு ‘பசியாற’ங்கறது எங்க பக்கத்துப் பேச்சு. இங்க எங்க வயசுப் பசங்க ‘டிபன்’னு மாத்தியாச்சு, அது கடல் தாண்டிப் பத்திரமா இருந்திருக்கு.

சரி, பாட்டுக்கு வரேன். அண்ணன் சிடியைப் போட்டாரு. எங்க அப்பா வடிகட்டின ராஜா ரசிகர். 1980ல வந்த ‘நிழல்கள்’, வாலி எழுதி எஸ்.பி.பி. பாடினது, பாட்டுல ராஜாவே தலைகாட்டுவார். வேலையில்லாத பையன் ஒருத்தன் இசையமைப்பாளர் ஆகணும்னு கனாக் காணுற பாட்டு. அதுக்கு நடுவுல ஒருத்தன் தடதடன்னு பேசினா அப்பா விடுவாரா?

"நிப்பாட்டுப்பா. கோயில் சுவத்துல சினிமா போஸ்டர் ஒட்டுற மாதிரி இருக்கு."

அண்ணன் கோவப்படலை. "பெரியப்பா, இந்தப் பாட்டைக் கேட்டுத்தான் எங்க அப்பா லாரி ஓட்டினாரு. எங்களுக்கும் அது சொந்தம்தானே லா"ன்னாரு. அப்பா பதில் சொல்லாம எந்திரிச்சுப் போயிட்டாரு.

எனக்கென்னவோ அண்ணன் சொன்னதுல நியாயம் இருக்குன்னுதான் தோணுது. ரீமிக்ஸ்னாலே எனக்கு அலர்ஜி. பாதிக்கு மேல மொக்கை. இது வேற. அந்தப் பாட்டுல கனாக் காணுற பையன் நிஜமா மேடை ஏறினா என்ன பேசுவானோ, அதைத்தான் இவங்க பேசினாங்க. தவிர காரைக்குடிக்காரன் இசைத்தட்டைப் பத்திக் குறை சொல்லலாமா? நம்ம ஏ.வி. மெய்யப்பன் சரஸ்வதி ஸ்டோர்ஸ்னு கிராமபோன் தட்டு போட்டுத்தானே மேல வந்தாரு! அப்புறம்தான் காரைக்குடியிலயே ஸ்டுடியோ, 1947ல ‘நாம் இருவர்’ எல்லாம்.

அதுக்கப்புறம் யோகி பி ‘பொல்லாதவன்’, ‘ஆடுகளம்’, ‘விவேகம்’னு இங்கயே வந்து பாடிட்டாரு. 2012ல ஹிப்ஹாப் தமிழா முதல் ஆல்பம் வந்தப்ப ஊரே கொண்டாடுச்சு. வழி போட்டவங்க கிள்ளான், கோலாலம்பூர் பக்கத்துப் பசங்கன்னு எத்தனை பேர் சொன்னாங்க?

ரெண்டு வருஷம் முன்னாடி ஐயா வீட்டை வித்தோம். கல்லல் பக்கம், ஓடு சரிஞ்ச பழைய வீடு. சின்னத் தாத்தா பங்குக்குக் கையெழுத்துப் போட அண்ணன் வந்தாரு, இப்ப அவருக்கு நாப்பது தாண்டியாச்சு. கூடவே அவர் பொண்ணு. அது அங்க தமிழ்ப் பள்ளியில படிக்குது (அந்த நாட்டுல 500க்கும் மேல இருக்காம்). ரோட்டோரப் போர்டு ஒண்ணு விடாம எழுத்துக் கூட்டாமப் படிச்சுக்கிட்டே வந்துச்சு. நான் இங்கிலீஷ் மீடியம், ஹி ஹி.

இனி அவங்க இங்க வர்றதுக்கு வீடுன்னு ஒரு காரணம் இல்லைன்னு எல்லாருக்கும் தெரியும். காருக்குள்ள யாரும் பேசலை. நான்தான் சும்மா இருக்க முடியாம ‘மடை திறந்து’ போட்டேன், ரீமிக்ஸைத்தான். எஸ்.பி.பி. குரல் வந்ததும் அப்பா தலையை ஆட்டினாரு. ராப் வந்துச்சு. நிறுத்தச் சொல்லுவாருன்னு பாத்தா, பின் சீட்டுப் பக்கம் திரும்பி, "தம்பி, இந்த எடத்துல வேகமாப் பேசுறானே, என்னதான்யா சொல்றான்?"ன்னாரு.

அண்ணன் நிறுத்தி நிறுத்தி வரிவரியாச் சொல்ல ஆரம்பிச்சாரு. பத்திர ஆபீஸ் வாசல்ல வண்டி நின்னப்புறமும் அப்பா இறங்கலை.