பாதியில் வைக்கக்கூடிய வேலை

தோணியில் வேலை தீராது. வெயில் பாயை இற்றுப்போக வைக்கும், உரசல் கயிற்றைத் தின்னும், பலகை இடுக்கில் அடித்த பஞ்சு ஆட்டத்தில் தளரும். ஒரு மூலையைச் சரிசெய்துவிட்டு நிமிர்ந்தால் மறுமூலை கூப்பிடும். ‘இதை முடித்துவிட்டு உட்காரலாம்’ என்று நினைப்பவன் தோணியில் ஒருநாளும் உட்கார மாட்டான். அப்படியும் நாங்கள் உட்கார்ந்தோம். நங்கூரம் போட்டுக் கிடந்த நாட்களில் நன்றாகவே உட்கார்ந்தோம்.

இதைச் சொல்லக் காரணம் என் பேத்தி. வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிறாள். காலையில் திறந்த பெட்டியை ராத்திரி பதினொரு மணிக்கும் மூடக் காணோம். அவள் ஒருநாள் செல்போனில் ஒரு வீடியோ காட்டினாள். எங்கோ நீலக்கடலில் ஒரு பாய்மரப் படகு; வெள்ளைக்காரப் பிள்ளைகள் இரண்டுபேர் அதிலேயே குடியிருந்து, மடியில் லேப்டாப்பை வைத்து வேலை செய்கிறார்கள். “நீங்களும் இப்பிடித்தான இருந்திய தாத்தா?” என்றாள். இப்படி இல்லை. ஆனால் கொஞ்சம் இப்படித்தான்.

எஞ்சின் பூட்டாத காலத்துத் தூத்துக்குடித் தோணி எங்களுடையது. உப்பு ஏற்றிக்கொண்டு வடக்கே போகும்போது பாம்பனில் நிற்க வேண்டும். 1914இல் திறந்த ரயில் பாலம் வழியை மறித்துக்கொண்டு கிடந்தது. நடுவிலுள்ள தூக்குப் பகுதியைத் திறந்தால்தான் பாய்மரம் உள்ளவன் மன்னார் வளைகுடாவிலிருந்து பாக் விரிகுடாவுக்குள் நுழைய முடியும். அந்த இரண்டு இரும்புக் கைகளையும் ஆட்கள் நின்று கையால் பல்சக்கரத்தைச் சுற்றித்தான் தூக்குவார்கள். ஒற்றைத் தோணிக்காக அந்தப் பாட்டை யார் படுவார்? நாலைந்து கலமாவது சேர வேண்டும், ரயில் நேரம் ஒத்துவர வேண்டும், துறைமுக ஆபீஸில் சரி சொல்ல வேண்டும். அந்த இடுக்கில் நீரோட்டமும் கடுமை. கச்சான் காலத்தில் ஒரு பக்கம் இழுக்கும், வாடைக் காலத்தில் மறுபக்கம் இழுக்கும். காற்றும் ஓட்டமும் ஆபீஸும் ஒன்றாகக் கூடிவரும்வரை தெற்கே நங்கூரம் போட்டுக் கிடப்போம். (2025இல் புதுப் பாலம் வந்து, நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக மேலே போகிறது. டிவியில் பார்த்தேன். சக்கரம் சுற்றியவர்களைத்தான் நினைத்துக்கொண்டேன்.)

காத்திருப்பது எங்களுக்கு லாபமில்லை. கூலி நடைக்குத்தான், நாளுக்கு அல்ல. பத்து நாள் கிடந்தாலும் பாலம் தாண்டி, சரக்கு இறக்கினால்தான் காசு. ஆகவே அதை விடுமுறை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

எங்கள் தண்டல், அதாவது தோணித் தலைவர், அதிகம் பேசாதவர். தோணிக்குப் புதிதாக வருகிறவனிடம் அவர் முதலில் கேட்பது ஒன்றுதான்: “இந்த வேலையப் பாதியில வைக்கலாமா, வைக்கக் கூடாதா?” பதில் சொல்லிவிட்டுத்தான் வேலையைத் தொட வேண்டும்.

நங்கூரம் பாதியில் வைக்கக் கூடாத வேலை. ஈயக்குண்டின் அடியில் கொழுப்பைத் தடவி இறக்குவோம். கயிறு ஆழத்தைச் சொல்லும். கொழுப்பில் ஒட்டி வருவது தரையைச் சொல்லும். சேறோ மணலோ என்றால் நங்கூரம் பிடிக்கும். பார், அதாவது கடலடிப் பாறை என்றால் கல்லிடுக்கில் சிக்கி, பிறகு எடுக்க வராது. இடம் மாற வேண்டும். நாலு பாகம் ஆழம் என்றால் இருபது, இருபத்தைந்து பாகம் கயிறு விடுவோம். ஒரு பாகம் என்பது இரண்டு கையையும் விரித்த நீளம், ஏறக்குறைய 6 அடி. ஏன் அவ்வளவு நீளம் என்றால், இழுப்பு தரையோடு படுத்து வந்தால்தான் நங்கூரத்தின் கொழு மண்ணுக்குள் இறங்கும். கயிறு குட்டையாக இருந்தால் இழுப்பு மேல்நோக்கி வந்து, பிடித்ததையும் பிடுங்கிவிடும். அதற்குப் பிறகும் தண்டல் உட்கார மாட்டார். பாம்பன் கலங்கரை விளக்கத்தையும் கரையிலுள்ள ஒரு பனையையும் ஒரே கோட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டே நிற்பார். பனை விலகாமல் நின்றால் நாமும் நகரவில்லை. விளக்கத்தை விட்டு அது ஒரே பக்கமாக ஒதுங்கிக்கொண்டே போனால் தோணி நங்கூரத்தை இழுத்துக்கொண்டு போகிறது என்று பொருள். அது உறுதிப்பட்ட பிறகுதான் அடுப்பு மூட்டச் சொல்வார்.

காலையும் மாலையும் தளத்தில் கடல்நீர் ஊற்றுவதும் அந்த வகைதான். புதிதாக வருகிறவர்கள் இதைச் சுத்தம் செய்வது என்று நினைப்பார்கள். வெயிலில் காய்ந்தால் பலகை சுருங்கி இடுக்கு வாய் திறக்கும். நனைந்திருந்தால் ஊதி இறுகும். உப்புத்தண்ணீர் மரத்தைக் காக்கும், தேங்கிய மழைத்தண்ணீர் மக்க வைக்கும். அடுத்தது, நங்கூரக் கயிறு தோணியின் விளிம்பில் உரசும் இடம். அங்கே சாக்கைச் சுற்றி, தினமும் ஒரு சாண் கூடுதலாக விடுவோம். நேற்று உரசிய இடம் இன்று உரசக் கூடாது.

இவையெல்லாம் முடிய ஒன்றரை மணி நேரம் ஆகுமோ என்னவோ. மிச்சமெல்லாம் பாதியில் வைக்கலாம். கிழிந்த பாயைத் தைப்பது, கயிறு முறுக்குவது, கப்பிக்கு எண்ணெய் போடுவது. தோணி காற்றுக்கேற்பத் திரும்பிக்கொண்டே இருக்கும். கரைக்காற்று அடங்கிக் கடல்காற்று எழுந்தால் நிழல் இடம் மாறிவிடும். பாயையும் ஊசியையும் தூக்கிக்கொண்டு நிழலின் பின்னாலேயே போவோம். வெயில் உச்சிக்கு ஏறியதும் “போதும்டே” என்பார் தண்டல். தையல் நடுவில் ஊசியைக் குத்திவைத்துவிட்டு எழுந்துவிட வேண்டும். இன்னும் நாலு தையல்தான் என்று இழுத்தவனை அவர் திட்டியதை நான் கேட்டிருக்கிறேன். சோம்பேறியை அவர் அவ்வளவு திட்டியதில்லை.

பிறகு சோறு. மண் பரப்பிய பெட்டிக்குள் அடுப்பு. தூண்டிலில் என்ன மாட்டியதோ அதுதான் குழம்பு, ஒன்றும் மாட்டாவிட்டால் கருவாடு. சாப்பிட்டதும் தூக்கம், தாயம், ஒருவனுக்கொருவன் முடிவெட்டுவது. பேச்சு ஓடும். நடுவில் வெகுநேரம் யாரும் பேசாமலும் இருப்போம். அதை யாரும் குறையாக நினைத்ததில்லை.

மற்றவர்களுக்குக் கடிதம் எழுதித் தருவது என் பொறுப்பு. எட்டாவதுவரை படித்தவன் அங்கே நான் ஒருவன்தான். மத்தியான வேளையில் ஒருவன் வந்து உட்கார்ந்து பெண்டாட்டிக்குச் சொல்லச் சொல்ல எழுதுவேன். வெட்கம் வந்து நடுவில் எழுந்து போய்விடுவான். நானும் அதைப் பாதியில் வைக்கலாம் என்றுதான் எண்ணியிருந்தேன். தண்டல் அதைக் கேட்டுவிட்டு, “காயிதம் நங்கூரம் மாதிரிடா” என்றார். தபாலை வாங்கிப் போகும் வள்ளம் எப்போது வருமென்று தெரியாது. பாலம் திறந்துவிட்டால் அதுவும் கிடையாது. அதிலிருந்து ஆளைப் பிடித்து உட்காரவைத்து முடித்துத்தான் விடுவேன்.

பாலம் திறக்கிற சேதி வந்தால் ஒரு கூச்சல். நங்கூரம் ஏறுவதற்குள் ஊசி குத்திய பாய் சுருட்டப்பட்டிருக்கும், முறுக்கிய கயிறு முனை கட்டப்பட்டிருக்கும். அவ்வளவு நேரத்துக்குள் ஒதுக்கிவைக்க முடியாத எதையும் காத்திருக்கும் நாளில் பிரித்துப்போடக் கூடாது என்பது இன்னொரு கணக்கு. வடக்கே கரை கண்டு சரக்கு இறக்கிய பிறகு அதே பாயை அதே ஊசியிலிருந்து தைக்கத் தொடங்குவோம்.

இதையெல்லாம் பேத்தியிடம் சொல்லி, உன் வேலையில் பாதியில் வைக்கக் கூடாதது எது என்று கேட்டேன். யோசித்துப் பார்த்து இரண்டு மூன்று சொன்னாள். நாள் முழுக்க வருகிற மற்றதெல்லாம் காலையில் பார்த்தாலும் போதுமாம். ஆனால் அவளுடைய மேனேஜருக்கு எல்லாமே நங்கூரமாம். அப்படிப்பட்ட தண்டலின் தோணியில் எங்கள் ஆட்கள் அடுத்த நடைக்கு ஏற மாட்டார்கள் என்றேன். அவள் சிரித்தாள். அன்று ராத்திரி எத்தனை மணிக்குப் பெட்டியை மூடினாள் என்று நான் போய்ப் பார்க்கவில்லை.