ரோட்டுல காயிற நெல்லு

முதல் போக அறுப்பு நேரத்துல வாடிப்பட்டி, சோழவந்தான் பக்கம் வந்தீங்கன்னா ரோடு பாதி கறுப்பாவும் பாதி பொன்னிறமாவும் இருக்கும். வெளியூர்க்காரங்க வண்டியை நிறுத்தி போட்டோ எடுப்பாங்க. பார்க்க அழகுதான். அது மேல வேகமா ஏறினாத்தான் சங்கதி தெரியும்.

போன புரட்டாசியில எங்க அக்கா மகன் கோயம்புத்தூர்லேர்ந்து புதுக் கார்ல வந்திருந்தான். அங்க நெரிசல்ல ஓட்ட முடியாத வேகத்தையெல்லாம் நம்ம ஊருக்கு வந்துதான் ஓட்டுவான். "பையப் போடா மாப்ள, வாய்க்கா ரோடு"ன்னு சொல்லிக்கிட்டே வர்றேன். "ரோடு நல்லாத்தான மாமா இருக்கு"ங்கிறான். முள்ளு எண்பதுல நிக்குது.

சாயங்காலம் அஞ்சரை இருக்கும். ஒரு வளைவு தாண்டினதும் இடது பக்கம் நீளத்துக்கு நெல்லு. எதிர்ல மினி பஸ். ஒதுங்க வேற இடமில்ல. நெல்லு மேலயே ஏத்தி பிரேக்கை அமுக்கினான். காலுக்கு அடியில கடகடன்னு சத்தம் வருதே ஒழிய வண்டி நிக்கல. ஸ்டியரிங்கைத் திருப்புறான், வண்டி கேட்கல. அப்புறம் பின்பக்கம் மட்டும் தனியா வலது பக்கம் சுத்துச்சு. எதிர்ல ஒரு புளியமரம், அதுக்கு முன்னால காலால நெல்லைக் கிளறிக்கிட்டு ஒரு கிழவி.

நின்ன பிறகு இறங்கிப் பார்த்தா, முன் சக்கரத்துக்கும் வாய்க்கால் சரிவுக்கும் ஒரு முழந்தான். கிழவிக்கும் வண்டிக்கும் பத்தடி இருக்கும். அவங்க கையில இருந்த சுளகு கீழே கிடந்துச்சு.

பிரேக்ல ஒரு கோளாறும் இல்ல. சைக்கிள் கடையில பால்ரஸ் குண்டு கொட்டிக் கிடந்தா அது மேல கால் வச்சா எப்படி இருக்கும், அதேதான். டயர் தாரையே தொடலேன்னா பிரேக் எதைப் பிடிக்கும்? வைக்கோல்ல பனி இறங்கிட்டா இதைவிட மோசம். உசிலம்பட்டி, பேரையூர் பக்கம் கொள்ளுச்செடியைப் பரப்பி, போற வர்ற வண்டியே அடிச்சுக் குடுக்கட்டும்னு விடுறது உண்டு. அந்தச் செடி கார் அடியில சுத்திக்கிட்டு, சூட்டுல தீப்பிடிச்ச வண்டிகளும் இருக்கு.

மாப்பிள்ளைக்கு உதறல் நின்னதும் கோவம் வந்திருச்சு. "ரோடு என்ன உங்க வீட்டு முத்தமா பாட்டி?" அந்தம்மாவுக்கும் கை நடுங்குது. "ஈரம்னு திருப்பி விட்டுட்டாக ராசா. ரெண்டு நாளா மூட்டையோட உக்காந்திருந்தேன். நான் எங்கிட்டுக் கொண்டுபோய்க் கொட்ட?" அவன் அதுக்கு மேல பேசல. குனிஞ்சு, டயர் சிதறடிச்ச நெல்லைக் கையால கூட்ட ஆரம்பிச்சான்.

நெல் கொள்முதல் நிலையத்துல ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினா எடுக்க மாட்டாங்க. மழை வருசத்துல மேல இருந்து கொஞ்சம் தளர்த்திக் குடுப்பாங்க, அது நம்ம கையில இல்ல. கதிர் அறுக்குற மிஷின்லேர்ந்து விழுற நெல்லு பெரும்பாலும் இருபதுக்கு மேலதான் காட்டும். பேரணையிலேர்ந்து கள்ளந்திரி வரைக்கும் இருபோகப் பாசனம் மட்டும் 45 ஆயிரம் ஏக்கர். ஜூன்ல தண்ணி திறந்தா எல்லாருக்கும் கிட்டத்தட்ட ஒரே சமயத்துல நடவு, ஒரே சமயத்துல அறுப்பு. ஆள் வச்சு அறுத்த காலத்துல ஊர் அறுப்பு முடிய வாரக்கணக்குல ஆகும். அரி வயல்லயே காயும். ஒருத்தர் அடிச்சு அள்ளினதும் அடுத்தவர் வருவார், ஒரு களம் ஊருக்கே பத்தும். இப்ப மிஷின் மூணு நாள்ல ஊரையே அறுத்துட்டு அடுத்த ஊருக்குப் போயிருது. அம்புட்டு நெல்லும் ஈரத்தோட ஒண்ணா வந்து விழுது. களம் மட்டும் அதே ஒண்ணுதான். ஐப்பசி மழை தலைக்கு மேல நிக்குது. பளபளன்னு சூடா ஒரு தார் ரோடு கண்ணு முன்னால கிடந்தா யாரு விடுவா?

ரோட்டுல காயப்போடாதீங்கன்னு போலீஸ் எச்சரிக்கிறது நியாயந்தான். வேற எங்க போடன்னு கேட்டா பதில் இல்ல.

ஆனா கல்லு விஷயத்துல நான் யாருக்கும் பரிஞ்சு பேச மாட்டேன். நெல்லு மேல வண்டி ஏறாம இருக்க ஓரத்துல கல்லையும் முள்ளையும் வைக்கிறாங்க. பொழுது சாய நெல்லை அள்ளுறவங்க கல்லை அள்ளுறதில்ல. ராத்திரி பைக்ல வர்றவனுக்கு அது எப்படித் தெரியும்?

வண்டி ஓட்டுறவங்களுக்கு ஒண்ணு. தூரத்துல மஞ்சளா தெரியும்போதே வேகத்தைக் குறைச்சிருங்க. ஏறிட்டீங்கன்னா சடக்குனு பிரேக் போடாதீங்க, ஸ்டியரிங்கை ஒடிக்காதீங்க. ஆக்சிலேட்டரை விட்டுட்டு நேரா பிடிச்சுத் தாண்டுங்க. பைக்ல முன் பிரேக் பக்கமே கை போகக் கூடாது. தொழி உழவு முடிஞ்சு டிராக்டர் சேத்தோட ஏறின இடத்துக்கும் இதேதான். அந்தச் சேத்து மேல தூறல் விழுந்தா சவுக்காரம்.

எங்க ஊர்ல இந்த வருசம் வளைவுலயும் பாலத்துலயும் யாரும் காயப்போடக் கூடாதுன்னு பேசி முடிச்சிருக்கோம். கல்லுக்குப் பதிலா சாக்குல மண்ணு. கண்மாய்க்கரை ஓரம் புறம்போக்கு அளந்து பார்த்தோம், அறுபதுக்கு நாற்பது அடி தேறுது. அங்க இன்னொரு உலர்களம் கேட்டு கிராம சபையில மனு குடுத்தாச்சு. பதில் வரல. நாத்து பாவியாச்சு, இன்னும் நாலு மாசத்துல அறுப்பு.