பஸ்ஸில் எதை ஏற்றலாம்?

ஆண்ட்ராய்டில் சில வருடம் குப்பை கொட்டியவர்கள் கிரீன்ரோபாட்டின் ஈவென்ட்பஸ்ஸை எங்காவது பார்த்திருப்பார்கள். கூடையில் பொருள் சேர்ந்ததும் கோட் அதை ஓர் ஈவென்ட்டாகப் போஸ்ட் செய்யும். அந்த ஈவென்ட்டுக்கு சப்ஸ்கிரைப் செய்த மெத்தட்கள் எல்லாம் ஓடும். தண்டோரா போடுபவருக்குக் கேட்பவர் யார் எவர் என்ற கவலை கிடையாது. திரையின் மூலையில் ஓர் எண் மாறுவதற்காக நாலு இன்டர்ஃபேஸ் எழுதிய அலுப்பு அதோடு தீர்ந்தது.

வம்பும் அங்கேயேதான் இருக்கிறது. பஸ் என்றாலே தனி த்ரெட்டில் ஓடும் என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். கிரீன்ரோபாட்டில் த்ரெட்மோடு எதுவும் குறிப்பிடாவிட்டால், போஸ்ட் செய்த த்ரெட்டிலேயே எல்லாம் நடக்கும். கேட்பவர்கள் முடிக்கும்வரை போஸ்ட் செய்த வரி நகராது. நெட்வொர்க் த்ரெட்டிலிருந்து வந்த ஈவென்ட்டைக் கேட்டுவிட்டுத் திரையில் கைவைத்தால் எக்செப்ஷன் வரும். ஆப் கிராஷ் ஆனால்கூடப் பரவாயில்லை, விழுந்தது கண்ணுக்குத் தெரியும்; ஆனால் அப்படி ஆகாது. கேட்பவரின் மெத்தட்டில் எக்செப்ஷன் வந்தால், கிரீன்ரோபாட்டும் சரி, கூகுளின் குவாவாவும் சரி, வழக்கமான அமைப்பில் அதை லாகில் எழுதிவிட்டுச் சும்மா இருந்துவிடும். போஸ்ட் செய்த கோட் ஒன்றும் நடக்காதது போல அடுத்த வரிக்குப் போகும்.

அதனால் நான் பார்ப்பது ஒன்றைத்தான்: கேட்க ஒருவருமே இல்லாவிட்டாலும் காரியம் கெடாதா? கெடாது என்றால் பஸ்ஸில் ஏற்றலாம். கூடையின் எண்ணிக்கை, திரையைப் புதுப்பிப்பது எல்லாம் அந்த வகை. இருப்பைக் குறைப்பது, பணம் எடுப்பது அப்படியல்ல. அங்கே பதில் வேண்டும்; தோற்றால் அந்த இடத்திலேயே தெரிய வேண்டும். நேரடியாக மெத்தட்டை அழைப்பதில் கௌரவக் குறைவு ஒன்றுமில்லை.

ஒவ்வொரு ஈவென்ட்டுக்கும் தனி கிளாஸ் வையுங்கள். ‘அப்டேட்’ என்று பொதுவாக ஒன்றை வைத்தால், யார் அனுப்பினார், யார் கேட்கிறார் என்று தேடியே பொழுது போய்விடும். ஆன்ஸ்டார்ட்டில் ரெஜிஸ்டர், ஆன்ஸ்டாப்பில் அன்ரெஜிஸ்டர். இரண்டாவதை மறந்தால், மூடிய ஆக்டிவிட்டியை பஸ் விடாமல் பிடித்துக்கொள்ளும், மெமரி காலியாகாது.

குவாவாவின் ஆவணமே இன்று தன் ஈவென்ட்பஸ் வேண்டாம் என்கிறது. ஸ்கொயர் நிறுவனமும் தன் ஈவென்ட்பஸ்ஸான ஓட்டோவைக் கைவிட்டுவிட்டது. அதற்காகப் பழைய ப்ராஜெக்ட்டில் ஓடிக்கொண்டிருப்பதை ஒரே நாளில் பிடுங்கச் சொல்லமாட்டேன். போஸ்ட் செய்யும் இடங்களை ஒருமுறை தேடிப் பாருங்கள். எது தோற்றால் வாடிக்கையாளர் போன் செய்வாரோ, அதை முதலில் இறக்குங்கள்.