மரமில்லாத மண்ணில் ஒரு மர வீடு

கிரீன்லாந்தின் மேற்குக் கரையில், கசிகியான்குயிட் என்ற ஊரில், 1734ஆம் ஆண்டைச் சேர்ந்த மர வீடு ஒன்று அருங்காட்சியகமாகக் காக்கப்படுகிறது. டென்மார்க் வணிகர் யாகோப் செவரின் அந்த ஆண்டில்தான் அங்கே குடியேற்றத்தை நிறுவினார். வீடு, பவுல் எகெடே என்ற பாதிரியாரின் பெயரால் அழைக்கப்படுகிறது. 1750இல் கிரீன்லாந்து மொழி அகராதியையும் 1766இல் அம்மொழியில் புதிய ஏற்பாட்டையும் அச்சேற்றியவர் அவர். அவருடைய தந்தை ஹான்ஸ் எகெடே 1721இல் கிரீன்லாந்தில் இறங்கியபோது டென்மார்க்கை ஆண்டவர், 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய மறைபரப்பாளர் சீகன்பால்குவை அனுப்பிய அதே நான்காம் பிரடெரிக் அரசர். 1714இல் கோபன்ஹேகனில் அமைந்த மிஷன் கழகம் இவ்விரு மறைபரப்புப் பணிகளையும் மேற்பார்த்தது. ஆகவே இந்த வீட்டின் கதை நமக்கு அந்நியமானதன்று.

வீட்டின் வயதைவிட அதன் மரமே முக்கியமான சான்று என்பேன். தரங்கம்பாடியில் 1620இல் கோட்டை எழுப்பியவர்களுக்குச் செங்கல்லும் சுண்ணாம்பும் கொத்தர்களும் இங்கேயே கிடைத்தார்கள். கிரீன்லாந்திலோ கட்டடத்துக்கு உதவும் காடே இல்லை. உத்தரம் முதல் பலகை வரை கப்பலில்தான் வரவேண்டும். அப்படி எழுப்பிய குடியேற்றமும் ஓரிடத்தில் நிலைக்கவில்லை; 1760களில் காற்றின் வேகத்தால் விரிகுடாவின் மறுகரைக்கு மாறியது. நிலத்தோடு ஒட்டாமல், கடல்வழியை நம்பியே நின்ற ஆட்சியை இந்த வீட்டைவிடத் தெளிவாகக் காட்டும் ஆவணம் வேறில்லை. குளிருக்கு வேறு வழி ஏது, இதில் அதிகாரத்தைத் தேடுவானேன் என்று கேட்கலாம். வழி இருந்தது. கல், புல்மண், கரையொதுங்கிய மரம், திமிங்கில எலும்பு ஆகியவற்றால் அங்கு முன்பே வாழ்ந்த இனுயிட் மக்கள் கட்டிய வீடுகள் தலைமுறை தலைமுறையாக அக்குளிரைத் தாங்கியவை. வந்தவர்கள் தம் ஊர் வீட்டையே விரும்பினார்கள்; அதைக் கொண்டுவரும் கப்பலும் அவர்களிடம் இருந்தது.

அப்படியானால் ஆதிக்கத்தின் சின்னத்தை ஏன் பாதுகாக்க வேண்டும் என்ற கேள்வி இன்னும் கனமானது. புல்மண் வீடுகள் கைவிடப்பட்டதும் மண்ணோடு கலந்துவிடுகின்றன. மர வீட்டையும் இடித்தால் யார் எதை இழந்தார்கள் என்பதற்கான தடயமும் போய்விடும். இடிப்பதைவிட, அதற்குள் யாருடைய வரலாறு சொல்லப்படுகிறது என்பதை மாற்றுவதே நேர்மையான வழி. கசிகியான்குயிட் அருங்காட்சியகம் அதைத்தான் செய்திருக்கிறது: அருகிலுள்ள கெகெர்த்தாசுசுக் தீவில் அகழ்ந்தெடுத்த, ஏறத்தாழ 4,000 ஆண்டுப் பழமையான சக்காக் பண்பாட்டின் பொருள்கள் அங்கே காட்சிக்கு உள்ளன. தரங்கம்பாடியின் டேனிஷ் மாளிகைகளைப் புதுப்பிப்பவர்களும் அவ்வாறே, அவ்வூர் மீனவர்களின் வரலாற்றுக்கும் அங்கே ஓர் அறை ஒதுக்க வேண்டும்.